வௌவால் வந்த வழி

நோய்க்குப் பெயர் சூட்டுதல் எளிது. நோய் வந்த வழியைக் காணுதல் அரிது. பெயர் சூட்டுவதற்கு ஓர் ஆய்வுக்கூடமும் கூர்த்த அறிவுடைய ஒருசில மருத்துவர்களும் போதும். வழியைக் காண்பதற்கோ மருத்துவர், கால்நடை மருத்துவர், காட்டியல் அறிஞர், வானிலை அறிஞர், கணித அறிஞர் எனப் பலரும் கூடி உழைக்க வேண்டியிருக்கிறது. கூடி உழைப்போர் ஒருவர் கூற்றை மற்றவர் மறுக்கவும் வேண்டியிருக்கிறது. தட்பவெப்பத்தில் நேரும் மாற்றம் மனிதரின் உடல்நலத்தை எவ்வாறு தாக்குகிறது என்னும் வினாவை இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பல ஒன்றுசேர்ந்து ஆராய்ந்து வருகின்றன. அவ்வாராய்ச்சியின் இயல்பு யாது, அதன் அருமை எத்தகையது என்பவற்றை அறிய விழைவோர் தொலைநாடுகளைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரால் உலகெங்கும் வழங்கும் நிப்பா நோயின் வரலாறே அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் வாக்கில் பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரைச் சூழ்ந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோரிடையே கடுங்காய்ச்சல் தோன்றியது. தலைவலியோடு தொடங்கிய நோய் சில நாள்களில் மூளையைத் தாக்கி நினைவிழக்கச் செய்தது. ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அது தெற்கே இறங்கி, நெகிரி செம்பிலானிலுள்ள சிக்காமட், சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் ஆகிய இடங்களுக்குப் பரவியது. புக்கிட் பெலாண்டோக் அக்காலத்தில் பன்றி வளர்ப்புக்குப் பெயர் பெற்ற ஊர். நோயுற்றோருள் பெரும்பாலோர் சீனர். அப்பண்ணைகளில் கூலிக்கு உழைத்த இந்தியத் தொழிலாளர்களும் அவர்களுள் இருந்தனர்.

இந்நோய் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என முதலில் கருதப்பட்டது. அக்கருத்து காரணமற்றதன்று. அந்நோயின் கிருமி பன்றியின் உடலில் பெருகிக் கொசுவின் வழியாக மனிதரை அடைவது. நோய் தோன்றியதோ பன்றிப் பண்ணைகளில். ஆதலால் கொசு மருந்து புகைக்கப்பட்டது. மக்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. எனினும் நோய் அடங்கவில்லை. கூர்ந்து நோக்கியோர்க்குச் சில செய்திகள் பொருந்தாமல் தோன்றின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதும் சிறுவரைத் தாக்குவது; இதுவோ உழைக்கும் வயதினரை வீழ்த்தியது. கொசுவுக்கு வீடு வேற்றுமை தெரியாது. இந்நோயோ பன்றியைத் தொட்டுப் புழங்கியவர்களையே தேடிப் பிடித்தது. அருகில் வாழ்ந்தும் பன்றியோடு தொடர்பில்லாத குடும்பங்கள் தப்பின. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். இவை அனைத்திற்கும் மேலாக, மனிதர்க்கு முன்னரே பன்றிகள் நோயுற்றன. தொலைவிலும் கேட்கும்படி உரத்துக் குரைப்பது போல் அவை இருமின.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ நுண்ணுயிரியல் துறை அப்பொழுது பேராசிரியர் லாம் சாய் கிட் அவர்களின் தலைமையில் இயங்கிவந்தது. அத்துறையில் பணியாற்றிய மருத்துவர் சுவா காவ் பிங், 1999-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட செல்களில் அக்கிருமி புகுந்தபோது அவை ஒன்றோடொன்று இணைந்து பெருத்துக் காணப்பட்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் செயலாக அதனைக் கொள்ள இயலவில்லை. அவர் அம்மாதிரிகளை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடங்களில் அது முன்பு அறியப்படாத கிருமி என்பது உறுதியாயிற்று. 1994-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குதிரைகள் பலவற்றையும் அவற்றின் பயிற்சியாளர் ஒருவரையும் மாய்த்த ஹெண்டிரா கிருமிக்கு அது நெருங்கிய உறவு என்பதும் தெரியவந்தது. சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து பெறப்பட்டமையால் அதற்கு நிப்பா என்னும் பெயர் அமைந்தது. நீர்க்கரையில் வளரும் ஒருவகைப் பனையின் பெயரே ஊருக்கும் ஊரின் வழியே கிருமிக்கும் ஆயிற்று. நோய்களுக்கு ஊர்ப்பெயர் இடுதல் தவிர்க்கப்பட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது 2015-ஆம் ஆண்டில்தான்.

பகைவன் யாரென அறிந்தபின் செய்ய வேண்டியது தெளிவாயிற்று. கொசுவை விட்டுப் பன்றியின்மேல் கவனம் திரும்பியது. படைவீரர்களும் பணியில் இறக்கப்பட, ஏறத்தாழ 11 இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டிருந்தனர். சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற, ஒருவர் இறந்தார். மூன்று தலைமுறை உழைப்பு மூன்று திங்களில் மண்ணோடு மண்ணாகக் கண்டவர்களும் உண்டு. சரியான பெயரைக் கண்டறிவதில் நேரும் ஒவ்வொரு வாரத் தாமதமும் மனித உயிரால் அளக்கப்படும் என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

நோயையும், நோயின் முதற்காரணத்தையும், அதனைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செய்க என்பது வள்ளுவர் வகுத்த நெறி. நிப்பாவைப் பொறுத்தவரை நோய் இன்னதென்று தெரிந்தது. தணிக்கும் வழியும் கிட்டியது. இடையில் நின்ற முதற்காரணம் மட்டும் எஞ்சியது. பன்றிக்கு அக்கிருமி எங்கிருந்து வந்தது?

ஹெண்டிராவின் உறவு இங்கே வழிகாட்டியது. ஹெண்டிராக் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் வாழ்வது என ஆஸ்திரேலிய அறிஞர் முன்னரே கண்டிருந்தனர். மலேசிய ஆய்வாளர் தியோமான் தீவுக்குச் சென்று, வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் துணிகளை விரித்து அவற்றின் சிறுநீரைச் சேகரித்தனர். அவை கடித்தெறிந்த பழங்களையும் திரட்டினர். சிறுநீரிலும் கடிபட்ட ஜம்புப் பழத்திலும் நிப்பாக் கிருமி இருந்தது. 2002-ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியிடப்பட்டது. மலாய் மொழியில் கெலுவாங் எனப்படும் அவ்வௌவாலை இந்நாட்டு மக்கள் புதிதாக அறிந்தவரல்லர். ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் நகரம் பெயர் பெற்றதே அதனால்தான். காலங்காலமாக இங்கு வாழ்ந்துவரும் அப்பறவையொத்த விலங்கு, அதுவரை செய்யாத தீங்கினை 1998-இல் செய்தது ஏன் என்பதே வினா.

இவ்வினாவுக்குத் தட்பவெப்பத்தைச் சான்றுக்கு அழைத்தவரும் சுவா காவ் பிங் அவர்களே. 2002-ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் துணைவரும் ஒரு கருத்தை முன்வைத்தனர். 1997-98-ஆம் ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் வெப்பம் மிகுந்து, எல் நினோ எனப்படும் நிகழ்ச்சி கடுமையாக உருவெடுத்தது. தென்கிழக்காசியா வறண்டது. காட்டை வெட்டி எரிக்கச் சுமத்திராவிலும் போர்னியோவிலும் மூட்டப்பட்ட தீ அவ்வறட்சியில் கட்டுக்கடங்காமல் பரவி, புகைமூட்டமாக மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடியது. கதிரவன் மங்கிய அந்நாள்களை நினைவில் வைத்திருப்போர் இன்றும் பலர். வறட்சியாலும் புகையாலும் காட்டு மரங்கள் பூப்பதும் காய்ப்பதும் குன்றின. காடோ ஏற்கெனவே சுருங்கியிருந்தது. உணவிழந்த வௌவால்கள் பண்ணைகளை அடுத்த பழத்தோட்டங்களை நாடின. அவற்றின் எச்சில் பட்ட பழம் பன்றித் தொழுவத்தில் விழுந்தது, பன்றி நோயுற்றது, மனிதன் நோயுற்றான். இதுவே அக்கருத்தின் சாரம்.

கேட்டமாத்திரத்தில் உள்ளத்தைக் கவரும் விளக்கம் இது. கடலின் வெப்பம், காட்டின் தீ, வௌவாலின் பசி, பன்றியின் இருமல், மனிதனின் மரணம் என்று கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. காட்டை அழித்தவனுக்குக் காடு கொடுத்த தண்டனை என்று அறம் உரைப்பதற்கும் அது இடந்தருகிறது. ஆனால் ஆராய்ச்சித் துறையில் ஒரு விளக்கம் அழகாயிருத்தல் மட்டும் போதாது. காலமும் இடமும் அதனோடு ஒத்துவர வேண்டும்.

அவ்வாறு ஒத்துப்பார்க்கும் பணியை மலேசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளைச் சேர்ந்த பல்கலைக்கழகத்தாரும் ஆய்வு நிலையத்தாரும் கூட்டாக மேற்கொண்டனர். ஜூலியட் புல்லியம் என்னும் அறிஞரை முதலாசிரியராகக் கொண்டு 2012-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, நோய் முதன்முதல் தோன்றிய ஈப்போப் பகுதிப் பண்ணையையே ஆராய்ச்சிக் களமாகக் கொண்டது. பழைய மருத்துவக் குறிப்புகளைத் துருவியதில், அப்பகுதியில் மனிதர்க்கு இந்நோய் 1997-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கண்டிருந்தது தெரியவந்தது. புகைமூட்டம் கடுமையுற்றதோ அவ்வாண்டின் பிற்பகுதியில். விளைவு முன்னும் காரணம் பின்னும் வருதல் இயலாது அன்றோ?

அப்படியாயின் நேர்ந்தது என்ன? அப்பண்ணையில் பன்றித் தொழுவங்களை ஒட்டியே மாமரங்கள் நின்றன. பன்றி வளர்ப்பும் மாம்பழ விளைச்சலும் பெருகிவந்த காலம் அது. ஒரே நிலத்தில் இருவகை வருவாய் தேடிய உழவனின் சிக்கனம், வௌவாலையும் பன்றியையும் ஒரே கூரையின் அருகே கொண்டுவந்து சேர்த்தது. கிருமி ஒருமுறை மட்டும் வந்திருந்தால் பண்ணைப் பன்றிகளிடையே பரவி, எஞ்சியவை எதிர்ப்பாற்றல் பெற, தானே அணைந்திருக்கும். அது மறுமுறையும் வந்தது. முதல் வருகையில் பிழைத்த தாய்ப்பன்றிகளின் எதிர்ப்பாற்றல் குட்டிகளுக்குச் சில காலம் துணை நின்று பின் தேய்ந்தது. அங்ஙனம் துணையிழந்த குட்டிகள் சிறிது சிறிதாகத் தொடர்ந்து கிடைத்தமையால், பெரிய அப்பண்ணையில் கிருமி நெடுங்காலம் நிலைபெற்றது. பின்னர்ப் பன்றிகள் விற்கப்பட்டுத் தெற்கே சென்றபோது நோயும் உடன் சென்றது. கணிதத்தின் துணையோடு இவர்கள் நிறுவிய விளக்கம் இதுவாகும்.

இவ்விரு விளக்கங்களுள் எது மெய் என்பது ஏட்டறிஞர் வழக்காட மட்டும் உரிய செய்தியன்று. முதல் விளக்கம் மெய்யாயின் செய்ய வேண்டியது காட்டைக் காத்தலும் தீயைத் தடுத்தலும். அது நாடுகள் பல கூடிப் பல்லாண்டு செய்ய வேண்டிய வேலை. இரண்டாவது மெய்யாயின், பன்றித் தொழுவத்தை விட்டுப் பழமரத்தைத் தள்ளி நடுதல் வேண்டும். அது ஓர் உழவன் ஒரே நாளில் செய்யக்கூடிய வேலை. தவறான காரணத்தை நம்பி நாடு செயல்பட்டால் என்ன நேரும் என்பதைக் கொசு மருந்து புகைத்துக் கழிந்த அந்தத் திங்கள்கள் முன்னரே கற்பித்திருந்தன. ஆதலால் மூத்த அறிஞர் ஒருவரின் கருத்தைப் பிற்கால அறிஞர் மறுத்தது நன்றி மறந்த செயலன்று. அதுவே அவருக்குச் செய்த மரியாதை. கிருமியைக் கண்டறிந்த காலத்தில் பலரும் நம்பிய ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் முடிவை அவரும் அவ்வாறே மறுத்தார்.

தட்பவெப்பத்துக்கு இந்நோய்களில் பங்கே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டலாமோ எனின், கூடாது. ஓர் இடத்தில் ஒருமுறை நேர்ந்ததைக் கொண்டு பொதுவிதி காண இயலாது. அதற்கு ஒரே வகை நிகழ்ச்சி பன்முறை நேர்ந்த இடம் வேண்டும். நேர்ந்ததை ஆண்டுதோறும் குறித்துவைத்தவர்களும் வேண்டும். இவ்விரண்டும் ஆஸ்திரேலியாவில் அமைந்தன. அங்கே ஹெண்டிராக் கிருமி வௌவாலிடமிருந்து குதிரைக்குத் தாவிய நிகழ்ச்சிகள் பல. பெக்கி ஈபி, அலிசன் பீல், ரெய்னா பிளோரைட் முதலிய அறிஞர்கள், ஆஸ்திரேலிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டுறவால், 1996 முதல் 2020 வரை 25 ஆண்டுக் குறிப்புகளை ஒன்றுதிரட்டினர். வௌவால்கள் எங்கெங்குத் தங்கின, காடு எவ்வளவு அழிந்தது, எந்தக் குளிர்காலத்தில் மரங்கள் பூத்தன, கடலின் வெப்பம் எவ்வாறிருந்தது, குதிரைகள் எப்பொழுது நோயுற்றன என்பன அனைத்தும் அதில் அடங்கும். அவ்வாய்வு 2022-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அதன் முடிவு சிந்தனைக்குரியது. எல் நினோவைத் தொடர்ந்து பூக்கள் குன்றி வௌவாலுக்கு உணவுப் பஞ்சம் வந்தது. முற்காலத்தில் அத்தகைய பஞ்ச நாள்களில் வௌவால்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து ஊர்ப்புறத்துக்கு வந்தன. பஞ்சம் நீங்கியதும் காட்டுக்குத் திரும்பின. குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிய அழிய அவை திரும்புவதற்கு இடமில்லாமல் போயிற்று. ஊர்த்தோட்டங்களிலும் குதிரை மேயும் வெளிகளின் மரங்களிலும் அவை நிலையாகத் தங்கலாயின. பஞ்சத்துக்குப் பின்வந்த குளிர்காலங்களில் கிருமி குதிரைகளுக்குத் தாவியது. ஆனால் எஞ்சிய காடுகள் எந்தக் குளிர்காலத்தில் நிறையப் பூத்தனவோ, அந்தக் காலத்தில் வௌவால்கள் அங்கே சென்று குவிந்தன, குதிரைகள் தப்பின. 2020-ஆம் ஆண்டில் கிம்பி என்னும் ஊரின் அருகே மரங்கள் பூத்தபோது, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வௌவால்கள் அங்குக் கூடின. அவ்வாண்டு அதன்பின் நோய் தாவவில்லை.

ஆகவே மலேசியாவில் எழுந்த ஐயம், எழுந்த இடத்தில் முழுதும் நிலைநாட்டப்படாவிடினும், இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு மண்ணில் மெய்ம்மை பெற்றது. தட்பவெப்பம் தனித்து நின்று நோயைத் தருவதில்லை என்பதும் தெளிவாயிற்று. காட்டின் அழிவோடும் நிலத்தைப் பயன்படுத்தும் முறையோடும் கைகோக்கும்போதே அது கொடிதாகிறது. இன்னொன்றும் இங்கே பிரித்தறியத் தக்கது. எல் நினோ தொன்றுதொட்டு வரும் இயற்கை நிகழ்ச்சி. புவியின் வெப்பம் உயர்ந்துவருவதோ நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதன் விளைத்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. எனினும் வெப்பமுற்ற உலகில் வறட்சி வரும்போது மண்ணும் மரமும் முன்னிலும் விரைந்து உலர்கின்றன என்பதால், பழைய நிகழ்ச்சிக்குப் புதிய கொடுமை சேர்கிறது.

வௌவாலே பகையெனின் அதனைக் கொன்றொழித்தால் என்ன என்று கேட்போரும் உளர். அவர்க்கு விடை தியோமான் தீவிலேயே இருக்கிறது. கிருமி கண்டெடுக்கப்பட்ட அதே தீவில், அதே இன வௌவால்களை, மலேசிய ஆய்வாளர் ஷீமா அப்துல் அசீஸ் அவர்களும் குழுவினரும் இரவில் தாமே இயங்கும் ஒளிப்படக் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். டுரியான் மலர்களில் தேனுண்ண வரும் அவ்வௌவால்கள் மகரந்தச் சேர்க்கைக்கு உதவி, காய் பிடிப்பதை மிகுவிக்கின்றன என 2017-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். டுரியான் பருவத்தில் சந்தையெங்கும் குவியும் செல்வத்துக்குப் பின்னே கெலுவாங்கின் இரவுழைப்பும் உண்டு. வௌவாலுக்கு உரிய மரத்தைக் காட்டில் விட்டுவைத்து, பன்றிக்கும் அதற்கும் இடையே தொலைவு வைப்பதே அறிவுடைமை.

1999-க்குப் பின்னர் மலேசியாவில் நிப்பா நோய் கண்டதில்லை. ஆனால் 2001 முதல் வங்காளதேசத்தில், வௌவால் வாய்வைத்த ஈச்சஞ்சாற்றைப் பருகியதால் அது பன்முறை தோன்றியது. 2018-ஆம் ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் தலைகாட்டிப் பின்னரும் அம்மாநிலத்துக்கு வந்தது. அங்கெல்லாம் பன்றியின் துணையின்றியே அது மனிதரை அடைந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்கும் தொற்றியது. மனிதருக்கான தடுப்பூசி ஒன்றை ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் 2024-ஆம் ஆண்டு சனவரியில் முதன்முறையாகச் சோதிக்கத் தொடங்கியது. ஆகவே இது முடிந்துபோன கதையன்று.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணவர்க்கும் இவ்வரலாறு உரியதாவது எவ்வாறு? அறிவியல் என்பது ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்களில் மட்டும் வாழ்வது என்னும் எண்ணம் இளையோரிடையே உண்டு. இவ்வரலாற்றில் முடிவுகளைத் தீர்மானித்தவை பெரும்பாலும் எளிய குறிப்புகளே. எந்த நாளில் யார் காய்ச்சலுற்றார் என்று ஏதோவொரு மருத்துவமனையில் எழுதிவைத்த வரி, 1997-இன் தொடக்கத்தைச் சுட்டி ஒரு பெருங்கருத்தைத் திருத்தியது. எந்தக் குளிர்காலத்தில் எந்த மரம் பூத்தது என்று ஆண்டுதோறும் சலிப்பின்றிக் குறித்தவரின் ஏடு, 25 ஆண்டுகளுக்குப் பின் உலகத்துக்குப் பாடமாயிற்று. எழுதியபோது அவர்களுள் எவரும் அதன் பயனை அறிந்திருக்கமாட்டார்.

பள்ளி வளாகத்து மாமரம் எந்தத் திங்களில் பூத்தது, மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது, புகைமூட்டத்தால் எத்தனை நாள் பள்ளி மூடப்பட்டது, அந்நாள்களில் இளைப்பு நோயால் வராத மாணவர் எத்தனை பேர் என்பவற்றை ஒரு வகுப்பு ஆண்டுதோறும் எழுதிவரலாம். நல்ல தமிழில், நாளும் இடமும் பிழையின்றி, கண்டதைக் கண்டவாறு எழுதும் பயிற்சி மொழிப்பாடத்துக்கும் உரியதே. மிகைப்படுத்தாமல் எழுதுதல், தெரியாததைத் தெரியாதென விடுதல், பின்னர் வருபவன் சரிபார்க்கும் வண்ணம் எண்ணைத் தருதல் ஆகிய மூன்றும் கைவந்த மாணவன் நாளை எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழுவிலும் இடம்பெறத் தகுதியுடையவன்.

வெப்பம் மிகுந்துவரும் இவ்வுலகில் இனி வரவிருக்கும் நோய்க்கு என்ன பெயர் அமையுமென எவரும் அறியார். அது வந்த வழியைத் தேடுவோர் பழைய ஏடுகளைப் புரட்டுவர் என்பது மட்டும் உறுதி. அவர்கள் புரட்டும் பக்கம் வெறுமையாய் இராதபடி செய்தல் இன்று வாழ்வோரின் கடனாகும்.